முடியில்லாத கிரகத்துக்கு ஒரே ஒரு மொட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, திருப்பதியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓர் இளைஞன், ஒரு பெண். அறிவிப்பு வந்து, பூஜையும் போட்டு, பிறகு எடுக்கப்படாமலே போன சினிமாக்களைப் பற்றி இணையத்தில் தொடர் நடத்துகிறார்களாம். எடுத்த படங்களைப் பார்க்கவே தியேட்டரில் ஆளில்லை. எடுக்காத படத்துக்கு நாலு பாகம் போடுகிறார்கள், அதையும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அந்த இளைஞனின் பனியனில் ஒரு பெண்ணின் முகம் அச்சாகியிருந்தது. மொட்டைத் தலை, லேசாகத் தூக்கிய மோவாய், எதையோ எதிர்பார்க்கும் கண்கள்.

"இந்த ஒரு ஸ்டில்தான் சார் மிச்சம். எவ்ளோ பெரிய கனவு பாருங்க! இவங்க யாருன்னே யாருக்கும் தெரியல. மும்பை மாடல்னு சொல்றாங்க. நீங்க மேக்கப் டிபார்ட்மென்ட்ல இருந்தீங்களாமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. அந்தத் தலையை மழித்தவனே நான்தான். அதை அவர்களிடம் சொல்லவில்லை. காபி குடியுங்கள் என்றேன்.

அவர்களுடைய கேமராவுக்கு முன்னால் நான் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தைக் காவியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் படிக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். நைனாவுக்கு பஜாரில் சலூன். பத்தாவதில் தேறாமல் போனதும் சென்னைக்கு ஓடி, ஏகாம்பரம் மாஸ்டரிடம் சேர்ந்தேன். நாலு வருடம் சீப்பு கழுவினேன், அடுத்த நாலு வருடம் விக் கட்டினேன், அதற்குப் பிறகுதான் மனிதத் தலையைத் தொட விட்டார். சினிமாவில் நடிகைகளுக்குச் சடை பின்னுவதும் கொண்டை போடுவதும் ஹேர் டிரஸ்ஸர் அம்மாக்களின் வேலை. மழிப்பதும், விக் கட்டுவதும், தாடி ஒட்டுவதும் எங்களுடையது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். கஷ்டப்பட்டேன் என்று சொல்லி யாரையும் உருக்குகிற உத்தேசம் எனக்கில்லை.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டார். கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். நாற்காலியில் முதலமைச்சர் வேஷக்காரர் உட்கார்ந்திருந்தாலும் சரி, பின்னால் நான் நின்றாலும் சரி, பேச்செல்லாம் கண்ணாடிக்குள் தெரியும் ஆளோடுதான். சீப்பை மூன்று தடவை துடைப்பார். டைரக்டர் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "செஞ்சிடலாம் சார்." எண்பது வயசுக் கிழவரைக் கல்லூரி மாணவனாக ஆக்கச் சொன்னாலும் செஞ்சிடலாம். முப்பது வருடம் அவரோடு இருந்து நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். நூறு வருடத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரர் எழுதிய விஞ்ஞான நாவல். சூரியனே உதிக்காத ஒரு கிரகம். அங்கே யாருக்கும் தலையில் முடி முளைக்காது. பூமியிலிருந்து ஒருத்தன் போய் விழுகிறான். அவன் தலைமுடியைப் பார்த்துவிட்டு, ஏதோ மிருகம் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த ஜனங்கள் பயப்படுகிறார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது. கெட்டது கதை அல்ல.

டைரக்டர் வெளிநாட்டில் படித்தவர். எந்நேரமும் அந்த நாவல் கையில் இருக்கும். அதில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கலர் கலராக அடையாளத் தாள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், எடுத்துப் பார்த்தேன். தாள்கள் எல்லாம் முதல் பாதியில்தான் இருந்தன. பின் பாதிப் பக்கங்கள் கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தன. பைண்டு செய்த ஸ்கிரிப்டை மஞ்சள் குங்குமம் வைத்து மலைக்கு எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி கும்பிட்டு வந்தார்கள். அதிலும் முக்கால்வாசி வெள்ளைத்தாள். சாமி படித்துப் பார்க்க மாட்டார் என்ற தைரியம்.

தயாரிப்பாளர் குப்பம் பக்கத்தில் கிரானைட் குவாரி வைத்திருந்தவர். சாந்திபுரத்தைத் தாண்டி, கல் எடுத்து முடித்த அவருடைய குழிகள்தான் கிரகத்தின் தரையாம். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டுக்குள் கிரகத்து ஜனங்கள் வாழும் குகையை ஃபைபரில் போட்டிருந்தோம். ஆபீஸ் திருப்பதியில். ஏன் திருப்பதியில் என்றால், அதுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் சுப்பாராயுடுவின் மூளை.

ஆயிரம் மொட்டை வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். ரப்பர் தொப்பி மாட்டினால் நெற்றியில் விளிம்பு தெரியும், அசல் மொட்டைதான் வேண்டும் என்றார். மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்து "செஞ்சிடலாம் சார்" என்றார். சுப்பாராயுடு தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "சார், இது ஒக விஷயமா? மலைமேலேர்ந்து டெய்லி ஆயிரக்கணக்குல மொட்டை கீழ எறங்கி வந்துக்கினே இருக்குது. நாம போயி வேன்ல ஏத்திக்கினு வந்தா முடிஞ்சிது!"

டைரக்டர் அவரைக் கட்டிப்பிடித்தார். இதில் என்ன கோளாறு வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, சிரித்தேன்.

முதல் சோதனைக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். குண்டூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். காளஹஸ்திக்குக் கூட்டிப்போகிறேன், வழியில் ஒரு சின்ன வேலை என்று சொல்லி சுப்பாராயுடு ஏற்றிவிட்டிருந்தார். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. அதைக் கழுவி, விளக்கைப் போட்டதும்தான் விஷயம் தெரிந்தது. வெயிலே படாத மண்டைத்தோல் வெள்ளையாக இருக்கிறது, வயலில் காய்ந்த முகம் கறுப்பாக இருக்கிறது. ஒரு பானைக்கு வேறு பானையின் மூடியைப் போட்ட மாதிரி இருந்தார்கள். ஒவ்வொரு மண்டைக்கும் முகத்தின் நிறத்தைப் பூசி முடிப்பதற்குள் அவர்கள் குகை வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு பெரியம்மா என்னிடம், "தரிசனம் எப்புடு பாபூ?" என்று கேட்டார்.

குகையையும் உள்ளே எரிந்த விளக்கையும் பார்த்து, அவர்கள் அதை ஏதோ புதுக் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய வீட்டுக்காரர் எழுந்துபோய், கிரகத்து ராஜாவின் சிம்மாசனத்தின்மேல் கற்பூரம் ஏற்றி, தேங்காயையும் உடைத்துவிட்டார். ஃபைபர் கருகியது. கேமராவே இல்லாத இடத்தில் டைரக்டர் "கட், கட்" என்று கத்தினார். அந்த மனிதர் பாவம், ஒரு மூடித் தேங்காயை அவரிடம் பிரசாதமாக நீட்டினார். அந்த ஷெட்டில் அன்று பக்தியோடு வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு திட்டம் மாறியது. கூட்டத்துக்கு ரப்பர் தொப்பி. அந்த ஜனங்களின் தலைவியாக, வசனம் பேசுகிற ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அசல் மொட்டை. பெயர் உள்ள நடிகை எவளும் சம்மதிக்கவில்லை. துணை நடிகைகளாக வந்தவர்களில் ஒருத்தியைப் பார்த்து, "இந்த முகம்தான்" என்றார் டைரக்டர்.

அவள்தான் மஞ்சுளா. நகரிக்காரி. வீட்டில் பவர்லூம், கணவரும் அவளும் சேர்ந்து ஓட்டுகிறவர்கள், ஒரு பிள்ளை உண்டு. ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, திருவள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேரோடு அங்கேயே ஓர் அறையில் தங்கி, சினிமாவுக்கு வந்துகொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. மொட்டை என்றதும் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாள்.

"மெய்யாலுமே டயலாக் கீதாண்ணா எனக்கு?" என்று என்னிடம் கேட்டாள். "தங்கச்சிக்கு இன்னும் நாப்பது நாள்ல கண்ணாலம். நான்தான் ஆரத்தி எடுக்கணும். படத்துல பெரிய வேஷம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா, மொட்டையோட நின்னாகூட பெருமையாத்தான் இருக்கும்."

டயலாக் இருக்கிறது என்று சொன்னேன். அது அன்றைக்கு உண்மை.

மழிக்க வேண்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் ஷெட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுப்பாராயுடு வந்து பக்கத்தில் நின்றார்.

"குவாரிக்காரரு கை கழுவிட்டாரு. நாயுடுபேட்டை லாட்ஜ்ல இருந்த கேமரா யூனிட்டு காலைலயே மெட்ராசுக்குக் கிளம்பிப்போச்சி. படம் லேது, அயிப்போயிந்தி, முடிஞ்சிபோச்சி."

"அப்போ இன்னைக்கு மொட்டை?"

"அது மட்டும் நடக்கணுமாம். டைரக்டருக்கு ஒரே ஒரு ஸ்டில் வேணும். பாம்பேல வேற பார்ட்டிக்குக் காட்டறதுக்கு. நுவ்வு எவருக்கும் சொல்லாத."

நான் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் சீப்பை மூன்று தடவை துடைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிட வேணாமா மாஸ்டர்?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நம்ம வேலை தலையோட. படத்தோட இல்ல. முடி நல்ல முடி, கலைக்காம எடுத்து வை. நம்ம ஸ்டாக்குக்கு ஆகும்."

நான் செய்தேன். எப்படிச் செய்தேன் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தப்பும் இல்லாமல் செய்தேன். முதல் நாளே சீயக்காய் போட்டு எண்ணெய் இறங்கக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தோம். சீவி, உச்சியில் வகிடு எடுத்து, பன்னிரண்டு கற்றையாகப் பிரித்தேன். ஒவ்வொரு கற்றையையும் மண்டைக்கு ஒரு விரல் மேலே வெள்ளை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டுக்குக் கீழே கத்தரிக்க வேண்டும். அப்போதுதான் வேரெல்லாம் ஒரு பக்கமும் நுனியெல்லாம் ஒரு பக்கமும் நிற்கும். தலைகீழாக ஒரு பிடி முடி கலந்துவிட்டாலும் கட்டின விக் அரை மணி நேரத்தில் சிக்காகிவிடும். பிறகு மெஷின், பிறகு வெந்நீர்த் துணி, பிறகு சவரக்கத்தி. முடி படியும் திசையிலேயே இழுக்க வேண்டும், எதிர்த்து இழுத்தால் சிவப்புப் புள்ளி வைத்துவிடும், கேமராவில் தெரியும். எந்தக் கேமராவில் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது கற்றையைக் கத்தரிக்கும்போது அவள் கேட்டாள். "அண்ணா, ஷூட்டிங் என்னைக்கு ஆரம்பிக்கிறாங்கோ?"

தலையில் பாதி முடி இருந்தது. அப்போது நிறுத்தியிருந்தால்கூட, மிச்சத்தைக் கத்தரித்து சமாளித்திருக்கலாம். குட்டை முடியோடு போயிருப்பாள்.

"திங்கட்கிழமை" என்றேன்.

மழித்து முடித்ததும் அவளை விளக்கின் முன்னால், ஸ்டில் எடுக்கிறவருக்கு எதிரே நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி பார் என்றார் டைரக்டர். அவள் மோவாயைத் தூக்கினாள். அதுதான் இப்போது பனியனில் இருப்பது. கிரகம், கனவு, மௌனம் என்று என்னென்னவோ எழுதுகிறார்கள். ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் முகம் அது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குகையைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. டைரக்டர் காரில் ஏறும்போது, "மஞ்சுளா, நீங்க வரலாற்றுல இருப்பீங்க" என்றார். கார் போய்விட்டது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பிரித்துப்போட்ட ஃபைபர் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பாராயுடு ஆறுதல் சொன்னார். "திருப்பதி பக்கத்துல மொட்டைக்கு எவரு காரணம் கேக்கறாங்கம்மா? வேண்டுதல்னு செப்பு, அயிப்போயிந்தி. கையெடுத்துக் கும்பிடுவாங்கோ."

மாஸ்டர் தலையாட்டினார். லைட் பாய்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எங்கள் எல்லாருக்கும் அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டிக்கினேன்னு சொன்னா, யாருக்கு, இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லட்டுமா? இல்ல, ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு சொல்லட்டுமா? நல்லா கீறவங்களுக்கு இல்லாத நோவ நானே என் வாயால சொல்லணுமா? சாமி பேர்ல நான் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாலத்துக்குள்ள எதுனா ஒரு வழி பண்ணுங்கண்ணா" என்றாள்.

காரணம் சொல்லாமல் மொட்டையோடு வருகிற சுமங்கலியை ஆரத்தித் தட்டின் பக்கம் விடமாட்டார்கள். சாக்குச் சொன்னால் வீட்டாருக்கு வியாதி சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் கம்பெனி வேலை என்று சொன்ன பொய் வெளியே வரும், அதுவும் படமே இல்லாத படத்துக்காக.

அன்று சாயங்காலம் மாஸ்டரின் பெட்டியிலிருந்து அந்தப் பன்னிரண்டு கற்றைகளையும் எடுத்துக்கொண்டேன். திருட்டுத்தான். முப்பது வருடத்தில் அவர் பேச்சை மீறியது அந்த ஒரு தடவை. தாமதமாக மீறினேன், அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. நூல் வைத்து அவள் தலையை அளந்தேன்: நெற்றியிலிருந்து பிடரி, காதுக்குக் காது, சுற்றளவு. மரத்தலையில் வலையை இழுத்துக் குத்தி, கொக்கி ஊசியால் முடிச்சுப் போட உட்கார்ந்தேன். பின்பக்கம் நாலு நாலு முடியாகப் போடலாம். நெற்றி ஓரத்தில் ஒரு முடிக்கு ஒரு முடிச்சு, இல்லாவிட்டால் விக் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வாரம் ஆனது. ஷிப்டில் லீவு இல்லை என்று வீட்டுக்குப் போன் செய்துவிட்டு அவள் அந்த அறையிலேயே கிடந்தாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அதைக் கொடுத்தேன். பையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். தன்னுடைய முடி என்று விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"திங்கக்கெழமன்னு சொன்னியே," என்றாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசினவள். "அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுவது, எதற்கு வாயைத் திறப்பது என்றுகூடத் தெரியாத ஜென்மம் நான். அவள் பையை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அது நகரி பஸ் இல்லை, திருப்பதி பஸ் என்பதைப் பஸ் கிளம்பின பிறகுதான் கவனித்தேன்.

ஒரு வருடம் கழித்து, நகரியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடப் போயிருந்தேன். பந்தி வாசலில் மஞ்சுளா நின்றிருந்தாள். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. நான் நழுவப் பார்த்தேன், அவளே கூப்பிட்டாள்.

"துன்னுட்டுப் போ," என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "நீ குடுத்தத நான் போட்டுக்கல. அன்னைக்கே மலைக்குப் போயி, மஞ்சத்துணியில முடிஞ்சி உண்டியல்ல போட்டுட்டேன். அப்பறம்தான் ஊட்டுக்குப் போனேன். முடிய சாமிக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அதுல இன்னா பொய் கீது?"

"ஆரத்தி?"

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு வேண்டுதல்னு கேட்கலையா?"

"கேட்டாங்க. சொன்னா பலிக்காதுன்னுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்குச் சொல்றேன். ரெண்டு வேண்டிக்கினேன். அந்தப் படம் எந்த ஜென்மத்துலயும் வரக் கூடாது, அது ஒன்னு. திங்கக்கெழம வந்தா ஒனக்கு என் தல ஞாபகம் வரணும், அது ஒன்னு."

இலை போட்டுவிட்டார்கள் என்று அவளை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த டைரக்டர் மும்பையில் ஒருவரைப் பிடித்தார், நின்றது. ஹைதராபாத்தில் ஒருவரைப் பிடித்தார், போஸ்டர்கூட வந்தது, அதுவும் நின்றது. உரிமைப் பிரச்சினை, கதாநாயகன் தேதி, உலகச் சந்தை என்று ஆளுக்கொரு காரணம் எழுதுகிறார்கள். நான் மழித்த தலைகள் எத்தனையோ. திங்கட்கிழமை ஷேவ் செய்துகொள்ளக் கண்ணாடி முன் நின்றால் எனக்குத் தெரிவது ஒரே தலைதான், பாதி முடியோடு.

வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் கேட்டார்கள். பாறையை எதில் செய்தோம், விளக்கு எத்தனை என்று சொன்னேன். பனியன் பெண்ணைப் பற்றி மட்டும் தெரியாது என்றேன். வரலாற்றில் இருப்பீர்கள் என்று சொன்னவரின் வரலாற்றில் அவள் பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள். "சார், ஒரு குட் நியூஸ். டைரக்டர் மறுபடி ஆரம்பிக்கிறாரு. இந்த வாட்டி யாரும் மொட்டையே போட வேணாம், எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடும். நிச்சயம் வந்துடும்."

"வராது" என்றேன்.

"எப்படி சார் அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டே, வாசலில் அவர்கள் கழற்றி வைத்த செருப்புகள் கிடக்கும் இடத்தைக் காட்டினேன், போட்டுக்கொண்டார்கள். அந்த இளைஞன் படியில் நின்று திரும்பினான். "இன்னும் கொஞ்சம் ஷூட் பண்ணணும் சார். திங்கட்கிழமை வரட்டுமா?"

"எந்த நாள் வேண்டுமானாலும் வாங்க தம்பி," என்றேன். "திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்."